புள்ளி வைத்த எழுத்துகள்

(மரபணுக்களின் கதை: 11-ஆம் அத்தியாயம்)

குடலில் வாழும் கிருமி ஒன்றைக் கொண்டு, மரபணுக்கள் வேண்டிய வேளையில் பேசவும் வேண்டாத வேளையில் வாயடங்கவும் எவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன என்பதைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்ஸுவா ழாக்கோபும் ழாக் மோனோவும் 1961-ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்த வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்தக் கிருமியின் மௌனம் அற்ப ஆயுள் உடையது. பாலில் உள்ள சர்க்கரை கைக்கெட்டிய சில நிமிஷங்களில் அது கலைகிறது. சர்க்கரை தீர்ந்ததும் மீண்டும் வந்து கவிகிறது. மனிதனுடைய மூளையிலுள்ள நரம்பணுவின் சங்கதி அப்படிப்பட்டதன்று. பெரும்பாலும் தாயின் கருவிலேயே தோன்றிவிடுகிற அந்த அணு அதன்பின் பிளவுபட்டுப் பெருகுவதில்லை. எண்பது பிராயம் வாழ்கிற மனிதனோடு தானும் எண்பது பிராயம் வாழ்கிறது. அவ்வளவு காலமும் ஈரலுக்குரிய ஆணைகளையும் தோலுக்குரிய ஆணைகளையும் இரத்தத்துக்குரிய ஆணைகளையும் ஓரெழுத்துக் குறையாமல் தன் உட்கருவில் சுமந்துகொண்டே, அவற்றையெல்லாம் படிக்காமல் ஒதுக்கிவிட்டுத் தனக்குரியதை மாத்திரம் படித்துக்கொண்டிருக்கிறது.

படிக்காத ஏடுகளை ஒவ்வோர் உயிரணுவும் கிழித்தெறிந்து விடுகிறதோ என்ற சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன் என்னும் இளைஞர் தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து கண்ணும் வாலும் உள்ள முழுத் தலைப்பிரட்டைகளை உண்டாக்கிக் காட்டி, 1962-இல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தார். ஏடு எதுவும் கிழிபடவில்லை. எல்லாம் பத்திரமாகவே இருக்கின்றன. அப்படியானால், ஓர் ஆயுட்காலம் முழுவதும் அந்த மௌனத்தைக் காப்பது யார்? மூளை வளர்கிற பருவத்தில் அந்தக் காவல் தவறினால் என்ன நேரும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய இருவேறு கூட்டத்தார் ஒருவரையொருவர் அறியாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, ஒரு நாள் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுள் ஒரு சாராரின் பயணம் வைத்தியர் ஒருவருடைய காத்திருப்பு அறையில் தொடங்கியது.

வியன்னா நகரத்தில் ஆந்திரெயாஸ் ரெட் என்னும் குழந்தை வைத்தியர் இருந்தார். 1954-ஆம் ஆண்டில் ஒரு நாள், தம்மைக் காண வந்து காத்திருந்தவர்களிடையே, தத்தம் தாயார் மடிமீது உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகளை அவர் தற்செயலாகக் கவனித்தார். அவ்விருவருக்கும் உறவு ஏதும் இல்லை. ஆயினும் இருவருடைய கைகளும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தன. இந்நோயுற்ற குழந்தையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்த அசைவை மறக்கமாட்டார்கள். மார்புக்கு நேரே இரண்டு கைகளும் ஒன்றுசேர்கின்றன. தண்ணீர் இல்லாமலே கழுவுவதுபோல் ஒன்றையொன்று தேய்க்கின்றன. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குகின்றன. ஒரு கணம் வாய்க்குப் போய் மீண்டும் மார்புக்கு நேரே வருகின்றன. குழந்தை விழித்திருக்கும் வரையில் இதற்கு ஓய்வில்லை. எதிரே பண்டம் வைத்தால் அதை எடுக்க அந்தக் கை நீளுவதில்லை. ஆனால் கண் மாத்திரம் அந்தப் பண்டத்தின்மீதும், அதை வைத்தவருடைய முகத்தின்மீதும், விடாமல் பதிந்திருக்கும்.

ரெட் தம்முடைய பழைய குறிப்புகளைப் புரட்டினார். அதே நிலையிலிருந்த வேறு சிறுமிகளும் அவற்றில் அகப்பட்டார்கள். அச்சிறுமிகளைச் சலனப்படமாக எடுத்துக்கொண்டு, இத்தகைய குழந்தைகளை வேறு எங்கேனும் கண்டவர் உண்டா என்று ஐரோப்பிய நாடுகளில் தேடிச் சென்றார். கடைசியில் 1966-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு சிறுமிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வியன்னா வைத்திய வாரப் பத்திரிகையில் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இரத்தத்தில் அம்மோனியா மிகுவதே இந்நோயின் காரணம் என்று அவர் கருதினார். பிற்காலத்து ஆராய்ச்சி அக்கருத்தை நிலைநிறுத்தவில்லை. ஆங்கிலம் பேசும் உலகம் அந்தக் கட்டுரையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. காரணத்தைப் பற்றி அவர் சொன்னது பிசகு. கண்ணால் கண்டு சொன்னதில் பிசகில்லை. வைத்திய சாஸ்திரத்தின் வரலாற்றில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். கைகளின் அசைவைக் கண்டு இரண்டு குழந்தைகளை ஒரு நோயில் சேர்த்த அந்தக் கண்ணே பின்னால் வந்த அவ்வளவுக்கும் அடிப்படை.

ஸ்வீடன் தேசத்துக் குழந்தை நரம்பியல் வைத்தியர் பெங்க்ட் ஹாக்பெர்க்கும் தம்மிடம் வந்த சிறுமிகள் சிலரிடம் இதே குறிகளைத் தனித்துக் கண்டு வந்தார். அவரும், பிரான்ஸைச் சேர்ந்த ழான் எக்கார்டியும், போர்ச்சுகலைச் சேர்ந்த வைத்தியர்களும் சேர்ந்து, மூன்று நாடுகளிலிருந்து திரட்டிய முப்பத்தைந்து சிறுமிகளின் வரலாற்றை 1983-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். முதலில் கண்டவருக்கு உரிய மரியாதையைச் செலுத்தி, நோய்க்கு ரெட்டின் பெயரையே சூட்டினார்கள். அதன்பிறகே உலகத்து வைத்தியர்கள் தம் கண்முன்னே பல ஆண்டுகளாக இருந்துவந்த குழந்தைகளைப் பெயரிட்டு அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழப் பதினாயிரம் பெண் குழந்தைகளில் ஒன்று இந்நோயோடு பிறக்கிறது.

நோயின் போக்கைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இக்கதையின் முடிச்சு அதிலேதான் இருக்கிறது. குழந்தை குறையின்றிப் பிறக்கிறது. பால் குடிக்கிறது; முகம் பார்த்துச் சிரிக்கிறது; உட்காருகிறது; பொம்மையைப் பற்றுகிறது; சில குழந்தைகள் நடக்கவும், 'அம்மா' என்பது போன்ற சொற்களைச் சொல்லவும் தொடங்கிவிடுகின்றன. ஆறாவது மாதத்துக்கும் பதினெட்டாவது மாதத்துக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் வளர்ச்சி தயங்கி நிற்கிறது. தலை வளர வேண்டிய அளவில் வளர்வதில்லை. பின்பு, வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகின்றன; பண்டத்தைப் பற்றிய கை பற்றும் வித்தையை மறந்து, தன்னைத் தானே பிசையத் தொடங்குகிறது. மூச்சு சில சமயம் வேகமாக இரைந்து, சில சமயம் நின்று நின்று வருகிறது. வலிப்பும் பலருக்கு உண்டாகிறது. அதற்குமேல் நோய் அக்குழந்தையைக் கொன்றுவிடுவதும் இல்லை. ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. இத்தகைய பெண்களுள் பலர் நடுவயது வரையிலும் அதற்கு மேலும் உயிர்வாழ்கிறார்கள்.

மறதி நோய் கண்ட முதியோரின் மூளையில் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து கிடப்பதைக் கண்டு பழகியவர்கள், இறந்துபோன ரெட் நோயாளிகளின் மூளையிலும் அதையே எதிர்பார்த்தார்கள். அங்கே மடிந்த அணுக்களின் மயானம் இல்லை. மூளை சிறியது, அணுக்களும் சிறியவை, நெருங்கியிருப்பவை, அவற்றின் கிளைகள் செழிக்காதவை, ஆனால் அணுக்கள் உயிரோடு இருந்தன. அவை அழியவில்லை, முதிரவில்லை என்பதே பொருள். இந்தச் சிறிய குறிப்பு வாசகர்களின் நினைவில் இருக்கட்டும்.

ஹாக்பெர்க்கின் கட்டுரை வெளிவந்த அதே 1983-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த ஹூதா சோக்பி என்னும் இளம்பெண் வைத்தியர், தம் வாழ்நாளின் முதல் ரெட் நோயாளியைக் கண்டார். பெய்ரூட்டில் பிறந்து, அங்கே வைத்தியப் படிப்பைத் தொடங்கி, லெபனானின் உள்நாட்டுப் போரால் அது இடையிலே தடைப்பட, கடல் கடந்து வந்து நாஷ்வில் நகரத்தில் படித்து முடித்தவர் அவர். நலமாகப் பிறந்து, சிரித்து, பேசத் தொடங்கிய குழந்தை அவ்வளவையும் இழக்கும் விந்தை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு நோயாளியைப் பார்ப்பதோடு நிற்கலாகாது, காரணத்தைக் காண வேண்டும் என்று துணிந்து, மரபியல் ஆராய்ச்சியில் புகுந்தார். இது மரபு நோயே அன்று என்று கருதியவர்கள் அப்போது பலர். அதற்கு நியாயமும் இருந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் நோய் வந்திருந்தது, அக்காளுக்கும் தங்கைக்கும் சேர்ந்து வந்த குடும்பங்கள் உலகம் முழுவதிலும் தேடினாலும் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

நோய் பெண்களிடத்தில் மாத்திரம் காணப்படுவது ஏன் என்பதற்கு, 1961-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹார்வெல் ஊரில் மேரி லயன் என்னும் அம்மையார் சுண்டெலிகளின் மயிர் நிறத்தைக் கொண்டு கண்ட உண்மை ஒன்று வழிகாட்டியது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. பெண் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, ஒவ்வோர் உயிரணுவும் அவ்விரண்டில் ஒன்றை ஏறக்குறையக் குருட்டுச் சீட்டுப் போட்டதுபோல் தேர்ந்து, அதன் பெரும்பகுதியை வாயடைத்து விடுகிறது. அந்த அணுவின் சந்ததி முழுவதும் அத்தேர்வை மாற்றாமல் காக்கிறது. நம் வீட்டுத் திண்ணைகளில் படுத்துறங்கும், கருமையும் செம்மையும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகவே இருப்பதன் காரணம் இதுதான். அதன் தோலில் ஒரு திட்டு தந்தையின் எக்ஸையும் மற்றொரு திட்டு தாயின் எக்ஸையும் பேசவிட்டிருக்கிறது. ரெட் நோயுற்ற சிறுமியின் மூளையும் அத்தகையதே. அவளுடைய நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதி நல்லவை, பாதி குறையுள்ளவை. அந்த நல்ல பாதியே அவளை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரே எக்ஸ் உடைய ஆண் குழந்தைக்கு இக்குறை நேர்ந்தால், அது பெரும்பாலும் சிசுப் பருவத்திலேயே மாண்டுபோகிறது.

இனி, இரண்டாம் கூட்டத்தாரின் பின்னே செல்வோம். அவர்களுக்கு நோயாளிகளோடு தொடர்பில்லை. அவர்கள் இரசாயனத்தில் மூழ்கியிருந்தவர்கள்.

டி.என்.ஏ. என்னும் நூலின் நான்கெழுத்துகளுள் சைட்டோசின் என்பது ஒன்று. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெதில் என்னும் சிறு துணுக்கு, சில இடங்களில், முக்கியமாகச் சைட்டோசினை அடுத்துக் குவானின் வருகிற இடங்களில், அந்தச் சைட்டோசினின் மேல் ஒட்டியிருக்கும். எழுத்து மாறுவதில்லை, எழுத்தின் தலைமேல் ஓர் அடையாளம் ஏறுகிறது. மரபணுவை மௌனமாக்குவதும், அம்மௌனத்தை ஓர் அணுவிலிருந்து அதன் சந்ததிக்கு ஒப்படைப்பதும் இந்த அடையாளமாக இருக்கலாம் என்று, 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸும், இங்கிலாந்தில் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் எழுதினார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளங்கவைக்க அயல்நாட்டு உவமை வேண்டியதில்லை. 'க' என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தால், அதனுள் இருந்த அகரம் அடங்கிவிடுகிறது. எழுத்து அப்படியே நிற்க, ஒலி குறுகிவிடுகிறது. மெதில் துணுக்கு டி.என்.ஏ.யில் வைத்த புள்ளி. ஆனால் இந்த உவமையில் இன்னும் ஓர் ஆழம் உண்டு. தாளில் வைத்த மைப்புள்ளிக்குத் தன்னளவில் யாருடைய வாயையும் அடைக்கும் சக்தி இல்லை. புள்ளி கண்ட இடத்தில் அகரத்தை அடக்க வேண்டும் என்று கற்ற வாசகன் ஒருவன் இருந்தால்தான் அது பயன்படும். பழைய ஓலைச்சுவடிகளில், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டே எழுதினார்கள். தேர்ந்த வாசகனிடத்தில் இருந்த நம்பிக்கையே அவர்களுக்குத் துணை. அப்படியானால் டி.என்.ஏ.யின் புள்ளியைப் படிப்பவன் யார்?

அந்த வாசகனைத் தேடியவர் ஏட்ரியன் பர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. எடின்பரோவில் ஆராய்ச்சி செய்துவந்த அவர், 1987 முதல் 1990 வரை வியன்னாவின் மூலக்கூறு நோயியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிசெய்தார். ரெட் அப்போது வியன்னாவில் உயிரோடு இருந்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது: தம்மிடம் வந்த சிறுமிகளின் நோய்க்குக் காரணம் தேடி நரைத்துப்போன முதியவரும், பிற்காலத்தில் அந்தக் காரணமாகவே விளங்கப்போகும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தவரும் ஒரே நகரத்துத் தெருக்களில் நடந்தார்கள். பர்டும் அவர் கூட்டாளிகளும் புள்ளி வைத்த டி.என்.ஏ.யைத் தூண்டிலாக்கி, அதில் வந்து ஒட்டும் புரதங்களைத் தேடிப் பிடித்தார்கள். முதலில் ஒன்று 1989-இல் அகப்பட்டது. இரண்டாவதை 1992-இல் எலியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். மெக்பி-2 என்பது அதன் சுருக்கப் பெயர். அதை மூளையிலிருந்து எடுக்க நேர்ந்தது தற்செயலன்று. வேறு எந்த உறுப்பைக் காட்டிலும் அங்கேதான் அது மிகுதியாகக் கிடைக்கும் என்பதைப் பின்னால் உலகம் அறிந்தது.

இந்த வாசகனுக்கு இரண்டு கைகள் உண்டு என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. ஒரு கை, புள்ளி வைத்த சைட்டோசினைப் பற்றுகிறது. மற்றொரு கை, வாயடைக்கும் வேலைக்காரர்களை அழைத்து வருகிறது. டி.என்.ஏ. நூல் ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அவ்வுருளைகளின்மேல் அசிட்டைல் என்னும் துணுக்குகள் ஏறியிருந்தால் நூல் நெகிழ்ந்து படிக்க எளிதாகிறது. அவற்றைக் களைந்தால் இறுகிப்போகிறது. மெக்பி-2 அழைத்து வருகிற கூட்டத்தில் அந்தத் துணுக்குகளைக் களையும் நொதிகள் இருக்கின்றன என்று 1998-இல் பர்டின் கூட்டத்தாரும், ஆலன் உல்ஃபின் கூட்டத்தாரும் தனித்தனியே நிறுவினார்கள்.

இப்போது ஹூஸ்டனுக்குத் திரும்புவோம். பதினாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அபூர்வமான சில குடும்பங்களைக் கொண்டு, சோக்பியின் கூட்டத்தாரும் ஸ்டான்ஃபோர்டில் ஊத்தா ஃபிராங்கேயின் கூட்டத்தாரும், பிற ஆய்வாளர்களும், எக்ஸ் குரோமோசோமின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, அதன் நீண்ட கரத்தின் நுனிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தச் சிறு பகுதியிலும் மரபணுக்கள் பல. ரூத்தி ஆமிர் என்னும் இளம் ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நோயுற்ற சிறுமிகளின் எழுத்தோடு ஒப்பிட்டு, பிழை இல்லை என்று கண்டு விலக்கி, அடுத்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவடியைப் பாடபேதம் நோக்கிப் படிப்பவர்களுக்கு இந்த உழைப்பின் அலுப்பு தெரியும். 1999-ஆம் ஆண்டில் மெக்பி-2 மரபணுவின் முறை வந்தது. பிழை அங்கே இருந்தது. குடும்பத்தில் வேறு எவருக்கும் நோயில்லாத இருபத்தொரு சிறுமிகளுள் ஐவரிடத்தில், பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்துப் பிழைகள் அதில் அகப்பட்டன. அவற்றில் மூன்று, புள்ளியைப் பற்றும் கையில் விழுந்த பிழைகள். இரண்டு, வாயடைப்பவர்களை அழைக்கும் கையைக் கெடுத்தவை. இரசாயன சாலையில் வெறும் அறிவு வேட்கையால் வரைந்துவைத்த இரண்டு கைகளை, இயற்கை அச்சிறுமிகளின் உடம்பில் அப்படியே சுட்டிக்காட்டிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. ரெட் அதைக் காணவில்லை. 1997-இலேயே அவர் காலமாகிவிட்டார்.

இப்பிழை பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது புதிதாக நேர்வது என்று பின்னர் தெரிந்தது. தந்தையின் எக்ஸ் மகளுக்கே போகும், மகனுக்குப் போவதில்லை. நோய் பெண்களிடத்தில் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எவருடைய நடத்தையாலும் உணவாலும் நேர்வதன்று அது. குழந்தைக்கு ஒரு குறை நேர்ந்தால் கர்ப்ப காலத்தில் தாய் செய்த ஏதோ ஒரு குற்றம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகாத காரணத்தால், இதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு புதிர் தீர்ந்தது; அதைவிடக் கடினமான புதிர்கள் இரண்டு பிறந்தன. இந்தப் புரதம் உடம்பின் பல பாகங்களிலும் இருக்கையில், மூளை மாத்திரம் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறது? பிறந்த நாள் தொட்டே பிழை இருக்கையில், முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை நலமாக இருப்பது எப்படி?

விடை, மூளையணுவின் பருவ வளர்ச்சியில் இருந்தது. இளம் நரம்பணுவில் மெக்பி-2 குறைவாகவே இருக்கிறது. அணு முதிர முதிர, மற்ற அணுக்களோடு தொடர்புகளைப் பின்னப் பின்ன, அது பெருகிக்கொண்டே போகிறது. சுண்டெலியின் முதிர்ந்த நரம்பணு ஒன்றின் உட்கருவில் ஒரு கோடியே அறுபது லட்சம் மெக்பி-2 மூலக்கூறுகள் உள்ளன என்று பர்டின் ஆய்வுக்கூடத்தார் 2010-இல் கணக்கிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கு ஏவலாளாக நிற்பது இத்தனை எண்ணிக்கையில் இருக்க வேண்டியதில்லை. இது நூலின் நீளம் முழுவதும் படர்ந்து நிற்கும் பொருள். அடுத்து, 2013-இல், கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தில் ஜோசப் எக்கரும் அவர் கூட்டத்தாரும், சுண்டெலி, மனிதன் ஆகிய இரண்டின் மூளையிலும் பருவந்தோறும் புள்ளிகளைக் கணக்கெடுத்து, எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் நரம்பணுவில் அநேகமாக இல்லாத ஒருவகைப் புள்ளிகள், குவானினுக்கு முன்னால் அன்றி, முக்கியமாக அடினைனுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின்களின்மேல், பிறந்தபின் குவியத் தொடங்குகின்றன; மனிதக் குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் அவை விரைந்து ஏறுகின்றன. உடம்பின் மற்ற அணுக்கள் பெரும்பாலானவற்றில் இவ்வகைப் புள்ளிகளைத் தேடித்தான் காண வேண்டும். நரம்பணுவிலோ அவை கொட்டிக் கிடக்கின்றன. குழந்தை கண்டும் கேட்டும் தொட்டும் உலகத்தைக் கற்று, நரம்பணுக்களிடையே கோடானுகோடித் தொடர்புகள் பின்னப்படுகிற அதே மாதங்களில் இந்தப் புள்ளியிடுதல் நடக்கிறது. மெக்பி-2 இந்தப் புதுப் புள்ளிகளையும் பற்றுகிறது என்பதும் விரைவில் நிறுவப்பட்டது.

ஆகவே, ஆறு மாதம் வரை குழந்தை நலமாக இருந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. வாசகன் இல்லாத குறை, படிக்க வேண்டிய புள்ளிகள் வந்து சேரும் வரையில் வெளியே தெரியவில்லை. மூளைக்குக் குழந்தைப் பருவம் முடிந்து முதிர வேண்டிய வேளை வந்தபோது, அடங்க வேண்டிய ஒலிகள் அடங்கவில்லை. அவையும் பெருங்கூச்சலாக எழவில்லை. இந்நோய்க்கு அடியில் கட்டவிழ்ந்துபோன ஒரு தீய மரபணு இருக்கும், அதைப் பிடித்துவிடலாம் என்று பல ஆண்டுகள் தேடியவர்கள் ஏமாந்தார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்கள், அதிலும் மூளைக்கே உரிய நீண்ட மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக அளவு பிசகியிருந்தன. சங்கீதக் கச்சேரியில் ஒரு வாத்தியம் உடைந்துபோனால் எவருக்கும் தெரியும். எல்லா வாத்தியங்களும் மயிரிழை சுருதி விலகினால், பிழை எங்கே என்று கை காட்ட முடியாது. இப்புரதம் அளவுக்கு மிஞ்சினாலும் கேடுதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மரபணு இரட்டித்துப் போன ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடுமையான மூளை நோய் உண்டாவது 2005-இல் பெல்ஜியத்து வைத்தியர்களால் தெளிவாயிற்று. குறைவும் ஆகாது, மிகுதியும் ஆகாது. அவ்வளவு நுட்பமான அளவு அது.

காலவரிசையைச் சற்று மீறி, 2007-ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பிறந்தது முதல் மூளையில் இல்லாதிருந்த வாசகனைப் பிற்காலத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? வளர்ச்சியில் தவறிய பருவம் தவறியதுதான், மூளை கட்டப்படும்போது நேர்ந்த பிழையை முதிர்ந்தபின் திருத்த இயலாது என்பதே அநேகமாக எல்லாருடைய அபிப்பிராயமும். எடின்பரோவில் பர்டும், ஜாக்கி கய் என்னும் அம்மையாரும், பிறரும் அந்த அபிப்பிராயத்தைச் சோதிக்கத் துணிந்தார்கள். சுண்டெலியின் மெக்பி-2 மரபணுவுக்குள் அதைப் படிக்கவொட்டாமல் தடுக்கும் ஒரு துண்டைச் செருகினார்கள். அந்தத் துண்டை வெட்டியெடுக்கும் நொதி ஒன்றையும் அதே எலியின் அணுக்களில் வைத்து, மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாமாக்சிபென் மருந்து வரும்வரையில் அந்த நொதி உட்கருவுக்குள் நுழைய முடியாதபடி அமைத்தார்கள். பூட்டும் சாவியும் உள்ளேயே இருந்தன. சாவியைத் திருப்பும் உரிமை ஊசி போடுபவரிடம் இருந்தது.

ஆண் எலிகள் சில வாரங்கள் நலமாக வளர்ந்து, பின்பு நோயுற்றன. அவற்றை வாலைப் பிடித்துத் தூக்கினால், நல்ல எலி பின்னங்கால்களை அகல விரிப்பதற்கு மாறாக, அவை இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துப் பற்றிக்கொண்டன, மூச்சு இரைந்து நின்று வந்தது, நடை தள்ளாடிற்று, மயிர் சிலிர்த்து, உடல் நடுங்கி, சாவை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தன. அந்த நிலையில் ஊசி போட்டார்கள். முதல் முயற்சியில், புரதத்தை ஒரே வீச்சில் வரவழைத்தபோது, பல எலிகள் நோய் மிகுந்து மாண்டன. அளவின் நுட்பம் அங்கேயும் தன்னைக் காட்டிக்கொண்டது. பிறகு, வாரத்துக்கு ஒருமுறையாக மெல்ல மெல்லக் கொடுத்தார்கள். மரணப்படுக்கையிலிருந்த எலிகள் எழுந்தன. மூச்சு ஒழுங்குபட்டது, நடுக்கம் நின்றது, நடை திரும்பிற்று. நோய் முற்றிய முதிர்ந்த பெண் எலிகளுக்குக் கொடுத்தபோதும் அவ்வாறே ஆயிற்று. கற்றலுக்கு அடிப்படையான நரம்பணுத் தொடர்பின் வலுவேற்றமும் அவற்றிடத்தில் மீண்டது. இந்நோயாளிகளின் மூளையில் அணுக்கள் மடியவில்லை, முதிராமல் நிற்கின்றன என்று முன்னே நாம் குறித்துக்கொண்டதன் பொருள் இப்போது முழுமையாக விளங்கிற்று.

எலிக்கு நேர்ந்தது மனிதக் குழந்தைக்கும் நேரும் என்று அன்று எவரும் வாக்களிக்கவில்லை. இன்றும் வாக்களிக்கத் துணிவாரில்லை. ட்ரோஃபினெடைட் என்னும் மருந்துக்கு 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. ரெட் நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே. குறிகளை ஓரளவு தணிப்பது அதன் வேலை; மரபணுவின் பிழையை அது தொடுவதில்லை. நல்ல மரபணுவையே வைரஸின் கூட்டில் ஏற்றி மூளைக்குள் அனுப்பும் முயற்சிகளும் நோயுற்ற சிறுமிகளிடத்தில் நடந்து வருகின்றன. அளவு மிஞ்சாமல் அனுப்புவதுதான் அவற்றின் பெருங்கவலை. 2020-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து மூளை ஆராய்ச்சிப் பரிசை, நோயாளியிடமிருந்து புறப்பட்ட சோக்பிக்கும் புரதத்திடமிருந்து புறப்பட்ட பர்டுக்கும் சேர்த்தே அளித்தார்கள்.

எடின்பரோ எலிகளிடத்தில் என்னை மிகவும் நெகிழவைப்பது அவை எழுந்து நடந்ததைக் காட்டிலும் வேறொன்று. வந்து சேர்ந்த மெக்பி-2, எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எப்படி அறிந்தது? பர்ட் அதற்கு ஒரு காரணம் கூறினார். வாசகன் இல்லாத அந்தக் காலம் முழுவதும், புள்ளிகளை இடும் நொதிகள் தம் வேலையை நிறுத்தவில்லை. எந்தெந்த எழுத்தின் தலைமேல் புள்ளி விழ வேண்டுமோ, அந்தந்த எழுத்தின் தலைமேல், படிப்பார் இல்லாமலே, அது விழுந்துகொண்டிருந்தது. ஊசி போட்ட பிறகு வந்த புரதத்துக்கு எவரும் இடம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அது உட்கருவுக்குள் சென்று, தனக்காக வைக்கப்பட்டிருந்த புள்ளிகளைத் தேடிப் பற்றிக்கொண்டு நின்றது.